இமாம் கஸ்ஸாலி (ரஹ்) துறந்த ஆசனம்

கள்வன் திருந்தியதையும் குடிகாரன் மனம் மாறியதையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த ஒரு மாமேதை, தம் பழைய வாழ்வை விட்டு விலக முடியாமல் ஆறு திங்கள் தவித்த வரலாற்றை அறிவீர்களா? ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறே அது.

குராஸான் நாட்டுத் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பிறந்த அன்னார், நைசாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். ஆசிரியர் மறைந்தபின் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்து, வாதங்களில் வெற்றிக்கொடி நாட்டினார்கள். 1091இல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியர் ஆசனம் அவர்களைத் தேடி வந்தது. அப்பொழுது வயது 33தான். 300 மாணவர்கள் சூழ்ந்திருந்தனர். அமைச்சர்களும் பிரபுக்களும் மரியாதை செலுத்தினர்.

இனி என்ன குறை? குறை வெளியில் இல்லை, உள்ளத்தில் இருந்தது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று இமாம் அவர்கள் தம்மையே கேட்டுக் கொண்டார்கள். கிடைத்த பதில் அவர்களை நடுங்க வைத்தது. ஸூஃபியாக்களின் நூல்களை ஓதிப் பார்த்தார்கள். அந்த வழி ஏட்டால் அடையத்தக்கதன்று, நடந்து அடையத்தக்கது என்பது விளங்கிற்று. விளங்கியும் என்ன! காலையில் பக்தாதை விட்டுப் புறப்பட உறுதி கொள்வார்கள். மாலையில் அவ்வுறுதி கலைந்துவிடும். இது தற்காலிக மனநிலை, இதற்கு இணங்கிப் பதவியை விட்டால் பின்னர் வருந்துவாய் என்று ஷைத்தான் தூண்டுவான். நமக்கும் பழக்கமான குரல்தானே அது!

ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (1095) நாவே கட்டுண்டது. மாணவர்களின் மனம் மகிழப் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. உணவும் தொண்டையில் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் புகுந்தது, அங்கிருந்தே உடலுக்குப் பரவியது என்று கண்டு மருத்துவர்கள் கைவிட்டனர். இமாம் அவர்கள் இறைவனிடம் மன்றாடினார்கள். அதன்பின்பே பொருளையும் புகழையும் துறப்பது எளிதாயிற்று. பாத்தினிய்யாக்களின் அச்சத்தால் வெளியேறினார்கள் என்று கூறும் ஆய்வாளரும் உண்டு. தம் பலவீனங்களை மறைக்காமல் எழுதி வைத்த ஒருவரின் வாக்குமூலத்தையே நாம் ஏற்கிறோம்.

மக்காவுக்குச் செல்வதாக வெளியே சொல்லிவிட்டு, பிள்ளைகளின் உணவுக்குப் போதுமானதை மட்டும் ஒதுக்கி, மீதிப் பொருளைப் பங்கிட்டுவிட்டு, ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். ஆசனத்தில் தம்பி அஹ்மது அமர்ந்தார்கள். திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைத் தாளிட்டுப் பகல் முழுதும் தனித்திருப்பார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ், அடுத்து நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள கலீல் நகர். அங்கே மூன்று நேர்ச்சைகள் செய்தார்கள்: அரசரிடம் பொருள் பெறுவதில்லை, அரசவை செல்வதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை. ஹஜ்ஜும் நிறைவேறிற்று. இஹ்யாவு உலூமித்தீன் என்னும் பெருநூல் உருவானதும் இத்துறவுக் காலத்திலேதான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகளின் பாசம் தாயகத்திற்கு இழுத்தது. குடும்பக் கவலைகள் தனிமையைக் குலைத்தன. தெளிந்த நிலை இடையிடையேதான் வாய்த்தது என்று அன்னாரே ஒப்புக் கொண்டுள்ளார்கள். எனினும் ஒவ்வொரு தடையின் பின்னும் அதே வழிக்குத் திரும்பினார்கள்.

11 ஆண்டுகளுக்குப் பின், 1106இல், நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைசாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். பழைய இடத்திற்கே திரும்பிவிட்டாரே என்று ஏசுவோர் ஏசட்டும். முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தவர், இப்போது பதவியாசையைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பித்தார். தொழில் ஒன்றே, நிய்யத்து வேறு.

பின்னர் தூஸுக்கே மீண்டு, வீட்டருகில் மாணவர்க்கு ஒரு மதரஸாவும் ஸூஃபியாக்களுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். இறுதிக் காலத்தில் பக்தாது ஆசனம் மறுமுறையும் அழைத்தது. கலீல் நகரில் செய்த நேர்ச்சையை எடுத்துக்காட்டி மறுத்து எழுதினார்கள். ஹிஜ்ரி 505இல் (1111) ஒரு திங்கட்கிழமை வைகறையில் ஒளுச் செய்து தொழுதபின், கஃபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டுக் கண்களில் ஒற்றி, கிப்லாவை முன்னோக்கிப் படுத்தார்கள். பொழுது புலருமுன் அவர்களின் ரூஹு பிரிந்தது.