வெளிச்சத்தை மருந்தாக்கிய ஃபின்சென்



நம்ம ஒர்க்‌ஷாப்பில் கவசம் இல்லாமல் ஆர்க் வெல்டிங் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும், முகத்தில் தோல் உரியும். அதே கார்பன் ஆர்க் வெளிச்சத்தைக் கொண்டு, அரித்துப் போன முகங்களை ஒருவர் ஆற வைத்தார். எலக்ட்ரிக்கல் மாணவன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அவர்தான் டாக்டர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென்.

பிறந்தது 1860 டிசம்பர் 15-ல், வெயிலே அபூர்வமாக எட்டிப் பார்க்கும் ஃபேரோ தீவுகளில். படிப்பில் சுமார்தான். டென்மார்க் பள்ளியில் தேறாத பையன் என்று பெயர் வாங்கி, ஐஸ்லாந்துக்குப் போய் முடித்தார். அங்கேயும் 15 பேரில் 11-வது இடம்! (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் தெம்பாக மேலே படிக்கவும்.)

1882-ல் கோபன்ஹேகனில் மருத்துவம் சேர்ந்தார். படிக்கும்போதே ஒரு நோய் ஒட்டிக்கொண்டது. கல்லீரல், இதயம், வயிற்றில் நீர் என்று ஒவ்வொன்றாகக் கெட்டது. வடக்குப் பார்த்த, வெயில் விழாத வீட்டில் சோர்ந்து கிடந்தவருக்கு, வெயிலுக்குப் போனால் உடம்பு தேவலை என்று தோன்றியது. நிழல் நகர நகர வெயிலைத் தேடி இடம் மாறிப் படுக்கும் பூனையைக் கவனித்தார். இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்.

1893-ல் கல்லூரி வேலையை விட்டுவிட்டார். அம்மை நோயாளியைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று அவர் சொன்னது பிற்காலத்தில் நிரூபணமாகவில்லை. அடுத்ததுதான் பெரிய காரியம்.

லூபஸ் வல்காரிஸ் என்பது தோலில் வரும் காசநோய். மூக்கையும் கன்னத்தையும் தின்றுவிடும். வந்தவர்கள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். மருந்து கிடையாது. 1895 நவம்பரில் முதல் நோயாளியாக வந்தவர் யார் தெரியுமா? கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தின் இன்ஜினியர்! சிகிச்சை நடந்ததும் அந்த நிலையத்திலேயே. மாதக் கணக்கில் ஆர்க் வெளிச்சம் பாய்ச்சியதில் புண் ஆற ஆரம்பித்தது.

பிறகு உருவான ஃபின்சென் விளக்கைப் பாருங்கள். நடுவில் ஒரு கார்பன் ஆர்க், சுற்றிலும் நான்கு குழாய்கள், ஒரே நேரத்தில் நான்கு பேருக்குச் சிகிச்சை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதால் குவார்ட்ஸ் லென்ஸ். சூடு படாமல் இருக்க நடுவே தண்ணீர். ரத்தம் வெளிச்சத்தை உறிஞ்சிவிடும் என்று நர்ஸ் ஒரு லென்ஸால் தோலை அழுத்தி ரத்தத்தை விலக்குவார். ஒரு தடவைக்கு நாணயம் அளவு இடம்தான். எவ்வளவு பொறுமை வேண்டும்! 1896-ல் தொடங்கிய அவர் நிலையத்தில் ஐந்தே ஆண்டுகளில் 800-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர், பெரும்பாலோர் குணமடைந்தனர்.

ஒரு வேடிக்கை. 2005-ல் டேனிஷ் ஆய்வாளர்கள் அந்தப் பழைய விளக்குகளைச் சோதித்தபோது, அவர் நம்பிய குறுகிய புற ஊதாக் கதிர் பெரும்பாலும் வெளியே வரவே இல்லை என்று தெரிந்தது! கிருமிக்குள் இருக்கும் போர்பிரின் என்ற பொருள் வேறு அலைநீள ஒளியை வாங்கி, அந்தக் கிருமியையே கொன்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. காரணம் தப்பு, காரியம் சரி!

இப்போது முகச் சுருக்கம் போக்க என்று விளக்கு முகமூடி விற்கிறார்கள். ஃபின்சென் பேரைச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். அவர் ஆற்றியது நோயை. புற ஊதாக் கதிர் அளவு மீறினால் சுருக்கமும் தோல் புற்றுநோயும்தான் மிச்சம்.

1903-ல் நோபல் பரிசு வந்தது. வாங்கப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஊர் முகத்தையெல்லாம் ஆற்றிய வெளிச்சம் அவருடைய நோயை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் சும்மா கிடக்கவில்லை. தன் சாப்பாட்டையும் குடிக்கும் நீரையும் தராசில் நிறுத்தி எழுதி வந்தார். தன் உடம்பில் உப்பு தேங்குவதைப் பற்றி 1904-ல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ல் இறந்தார். வயது 43.