நந்தனாரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

தில்லைக் கூத்தன்மீது தமிழில் கீர்த்தனை பாடிய பெருமக்களுள் கோபாலகிருஷ்ண பாரதியாருக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். தந்தையார் இராமசாமி பாரதியார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் எனச் சோழநாட்டு ஊர்களில் அன்பர்தம் ஆதரவில் வாழ்ந்தார். கோவிந்த சிவத்திடம் வேதாந்தமும், இராமதாசரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். இல்லறம் ஏற்கவில்லை.

அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அதன் ஊற்று எது? சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் வரலாற்றை 37 பாடல்களில் அருளினார். அங்கே ஆதனூர் நந்தனாரின் ஆர்வம் உண்டு, தயக்கம் உண்டு. அவரைத் தடுத்து நிறுத்தும் பண்ணை எசமானர் இல்லை. அந்த வேதியரைப் படைத்தவர் பாரதியாரே. மிராசுதாரர்களின் வயல்களில் பண்ணையாட்கள் பட்ட பாட்டை அவர் கண்ணாரக் கண்டவர். தாம் அந்தணராய்ப் பிறந்திருந்தும், அந்தணராகிய நிலவுடைமையாளரின் கடுமையை அவர் மறைக்கவில்லை. சிதம்பரம் செல்ல உத்தரவு கேட்கும் நந்தனாரிடம், 40 வேலி நிலத்து வேளாண்மையை முடித்த பின்பே போகலாம் என்கிறார் வேதியர். இறையருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. எசமானர் பண்ணையாளின் காலில் விழுகிறார். புராணத்தை விட்டு விலகினார் என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. கண்ட துயரைப் பாடாமல் விட அவர் உள்ளம் ஒப்பவில்லை என்பதே நம் கருத்து.

இக்கதையை அவர் நாகப்பட்டினத்தில் பலர் கூடிய சபையில் பாடினார். பிற்காலத்தில் அதே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் வந்து இறங்கியது இத்துறைமுகத்திலேயாம். 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறும் வரை இது போர்ட் சுவெட்டன்ஹாம். இரப்பர்த் தோட்டத்தில் கங்காணியிடமும் துரையிடமும் கைகட்டி உத்தரவு கேட்டு நின்றவர்களுக்கு நந்தனாரின் ஏக்கத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வேக்கத்திற்கு ஏற்ற இசையையும் பாரதியார் தேர்ந்தார். ஆலயத்துள் வரத் தடையுண்ட அடியவரின் குரலை மாஞ்சி இராகத்தில் வைத்தார். சபைக்குரிய கீர்த்தனைகளோடு, உழைக்கும் மக்கள் அறிந்த நொண்டிச்சிந்து மெட்டையும் சேர்த்துக்கொண்டார்.

பிற இசைவாணரிடமிருந்தும் அவர் தூண்டுதல் பெற்றார். திருவையாற்றுக்குச் சென்றபோது தியாகராஜ சுவாமிகளின் இல்லத்தில் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டார். அதே இராகத்தில் தில்லைச் சபாபதிமீது தாமும் ஒரு கீர்த்தனை இயற்றிச் சுவாமிகளின் முன் பாடினார் என்பர். இராமபக்தி தந்த இசை சிவபக்தியில் மலர்ந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெறுவது மட்டும் எளிதாக இருக்கவில்லை. கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் பிள்ளையவர்கள் தட்டிக் கழித்தார். பாரதியார் சினங்கொள்ளாமல் பன்முறை நடந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளையே உருகிப் பாடினார். விழித்துக் கேட்ட புலவரின் கண்கள் கலங்கின, பாயிரம் கிடைத்தது. காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாயிருந்த சீசையா என்பவரின் உதவியால் 1861இல் நூல் அச்சேறியது.

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் வரலாறுகளையும் பாரதியார் பாடியுள்ளார். நந்தனாருக்கு வாய்த்த புகழ் அவற்றிற்கு வாய்க்கவில்லை.

முதுமையில் மாயூரத்தில் அவர் வாழ்ந்த காலத்தில், பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க வந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர் சில காலம் பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசைப்பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என ஆசிரியர் கருதவே, அதனை நிறுத்திக்கொண்டார். ஆயினும் பாரதியார் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1936இல் அவருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டவர் அந்தச் சாமிநாதையரே.