பனிநாட்டு மாட்டுக்குப் பசுந்தீவனம் சேமித்த விர்டானன்

ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் பக்கம் மாடு வைத்திருக்கும் உங்களுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராஜவாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு வரப்புப் புல்லாவது கிடைக்கும். மேட்டுக்காட்டுக்காரர்களுக்குச் சோளத்தட்டுப் போரும் கடலைக்கொடியும்தான் கதி. பால் குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், கடைசியில் பாதி விலைக்கு மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டிவரும்.

நமக்கு இந்தக் கஷ்டம் இரண்டு மூன்று மாதம். வருடத்தில் ஏழெட்டு மாதம் மாட்டைக் கொட்டகையை விட்டு வெளியே விட முடியாத நாடு ஒன்று உண்டு. அது பின்லாந்து. அங்கே நிலத்தை மூடுவது பனி. அந்த நாட்டில் பிறந்த அர்த்தூரி இல்மரி விர்டானன் என்ற வேதியியல் அறிஞர், மாட்டுத் தீவனத்துக்காக நோபல் பரிசு வாங்கியவர். கோடைக்கு ஊறுகாய்ப்புல் போட நினைக்கும் எவரும் இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. சைலேஜ் என்று நாம் சொல்வதில் எது நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

விர்டானன் 1895 ஜனவரி 15 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தார். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. 1917 டிசம்பரில்தான் விடுதலை பெற்றது. விடுதலையோடு பஞ்சமும் சேர்ந்து வந்தது. முதல் உலகப்போரால் வெளிநாட்டுத் தானியமும் தீவனமும் நின்றுபோய், 1918-ல் மக்கள் உணவுக்கே திண்டாடினார்கள். அந்த வயதில் பார்த்த பஞ்சம் அவருடைய ஆராய்ச்சியின் திசையைத் தீர்மானித்திருக்கும் என்றே தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் மூட்டையை நம்பாமல், பண்ணையில் விளைவதை வைத்தே மாட்டை வாழவைப்பது எப்படி என்ற கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை.

1919-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சுவிட்சர்லாந்தின் சூரிக்கிலும் சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும் மேற்படிப்பு. ஸ்டாக்ஹோமில் அவருக்கு வழிகாட்டிய ஹான்ஸ் வான் ஆய்லர் நொதித்தல் ஆராய்ச்சியில் பெரிய பெயர். 1929-ல் அவரும் நோபல் பரிசு பெற்றார். விர்டானன் 1921-ல் வாலியோ என்ற விவசாயிகளின் பால் கூட்டுறவு அமைப்பின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். நம் ஊரில் ஆவின் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஏற்றுமதி செய்த அமைப்பு அது. அங்கே சிக்கல் தினமும் கேனில் வந்து இறங்கியது. குளிர்காலப் பாலில் எடுத்த வெண்ணெய் வெளுத்துப்போய்ச் சத்துக் குறைந்திருக்கும். கெட்ட சைலேஜ் தின்ற மாட்டின் பாலில் செய்த பாலாடைக்கட்டி வாசம் மாறி, ஊதி வெடிக்கும்.

ஊறுகாய்ப்புல் போடுவது விர்டானன் கண்டுபிடித்ததல்ல; அவருக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்த பழக்கம். ஆனால் பின்லாந்தில் குழிக்குள் போன தீவனத்தில் பெரும்பங்கு வீணானது. காய்ந்த புல்லாக்கிப் போர் போடலாம் என்றால் கோடை மழை விடாது. நனைந்து காய்ந்த புல்லில் புரதமும் வைட்டமின் ஏ தரும் கரோட்டினும் போய்விடும்.

ஏன் கெடுகிறது என்று அவர் படிப்படியாகப் பார்த்தார். வெட்டிய புல் உடனே சாவதில்லை; காற்று இருக்கும்வரை மூச்சுவிட்டுக்கொண்டு தன் சர்க்கரையைத் தானே எரிக்கும். குவியலில் கைவைத்தால் சுடுவது அதனால்தான். காற்று தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். நம் வீட்டுத் தயிரை உறையவைக்கும் இனத்தைச் சேர்ந்த நல்லவை முந்திக்கொண்டால் புளிப்பு ஏறி, தீவனம் ஊறுகாய்போல நிலைக்கும். தாமதமானால் அழுகவைக்கும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்து நாற்றம் கிளப்பிவிடும். புளிப்பு ஒரு எல்லையைத் தாண்டினால், அதாவது பி.எச். அளவு 4-க்குக் கீழே வந்தால், சிதைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்று அவர் கண்டார். அந்தப் புளிப்பு தானாக வரட்டும் என்று காத்திருப்பதற்குப் பதில், நாமே முதல் நாளில் ஏற்றிவிட்டால் என்ன?

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து நீர்த்து, பசுந்தீவனத்தின் மேல் தெளித்து மிதித்து மூடச் செய்தார். 1920-களின் கடைசியில் முறை பண்ணைகளுக்குப் போனது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதற்கு ஏஐவி தீவனம் என்றே பெயர். அதைத் தின்ற மாடுகளின் குளிர்கால வெண்ணெய்க்குக் கோடை வெண்ணெயின் மஞ்சள் நிறம் திரும்பியது. 1930-களில் தானே ஒரு பண்ணை வாங்கி அங்கேயும் சோதித்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளாத இந்தக் குணம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் அமிலக் கேனைத் தேடிப் போக வேண்டாம். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். அங்கேயே கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தொடமாட்டார்கள். பிற்காலத்தில் அவர்களும் பார்மிக் அமிலத்துக்கு மாறிவிட்டார்கள். நமக்கு அது தேவையும் இல்லை. அவருடைய மாடுகளுக்குக் கிடைத்தது குளிரில் வளர்ந்த, ஈரம் மிகுந்து சர்க்கரை குறைந்த புல்லும் குளோவரும். நம்மிடம் இருப்பது மக்காச்சோளமும், சோளமும், கரும்புக் கொழுந்தாடையும். இவற்றில் உள்ள சர்க்கரை போதும், நுண்ணுயிரே புளிப்பை ஏற்றிவிடும். தட்டைப்பயறு, வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் மட்டும் தனியாகப் புளிக்காது. அதை மக்காச்சோளத்தோடு கலந்து போடுங்கள். 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லமோ வெல்லப்பாகோ தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் போகும் ஊர்களில் இதற்குப் பஞ்சமில்லை. விற்காத மட்ட வெல்லமே போதும்.

மற்றபடி விர்டானன் சொன்ன வேகம் நமக்கும் பொருந்தும். மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் வெட்டுங்கள். சோளத்தைப் பூக்கும் முன் வெட்டாதீர்கள். இளம் பயிரில் நஞ்சு உண்டு. ஒரு அங்குலத்துக்கும் குறைவாக நறுக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வெட்டிய அன்றே நிரப்பி, மிதித்து, காற்றில்லாமல் மூடிவிடுங்கள். 45 நாள் கழித்துத் திறக்கலாம்.

குழியின் அளவில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மூன்று கறவை மாடு, ஒன்றுக்கு நாளைக்கு 15 கிலோ, 90 நாள் என்றால் சேதாரமும் சேர்த்து நாலரை டன் வேண்டும். இதற்கு 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், 5 அடி ஆழத்தில் குழி எடுத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் அந்த அகலமான முகப்பிலிருந்து தினமும் 45 கிலோ எடுத்தால் ஒரு அங்குலம்தான் நகரும். தினமும் நாலு அங்குலமாவது வெட்டி எடுத்தால்தான் காற்றுப் பட்ட பகுதி பூஞ்சணம் பிடிக்காது. ஆகவே பத்து மாட்டுக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அகலக் குழி வேண்டாம். உள்ளே பாலித்தீன் பை வைத்த 50 கிலோ சாக்குகளில் அடைத்து, நாளைக்கு ஒன்றாகப் பிரிப்பதே லாபம். காவிரிக்கரையில் ஊற்று மேலேயே இருக்கும் தோட்டங்களுக்கும் இதுதான் ஏற்றது. எலி ஓட்டை போட்டால் அந்த மூட்டை போச்சு. அதனால் தரையில் அடுக்காமல் பரண் மேல் அடுக்குங்கள்.

விர்டானனின் இன்னொரு பாதி வேலை மண்ணுக்குள் நடந்தது. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் உள்ள சிவப்பு நிறப்பொருளுக்கும் தழைச்சத்து பிடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். உங்கள் தட்டைப்பயறு வேரைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் இல்லை.

1931-ல் ஹெல்சிங்கியில் உயிர்வேதியியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநரானார். 1939 முதல் 1944 வரை அவர் நாடு சோவியத் யூனியனோடு இரண்டு முறை போரிட்டது. மறுபடியும் இறக்குமதி முடங்கியது. சொந்தப் புல்லில் புரதத்தைக் காப்பாற்றத் தெரிந்த பண்ணைகளுக்கு அந்த வருடங்களில் அதன் அருமை தெரிந்திருக்கும். 1945-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. வேதியியலில் அதைப் பெற்ற முதல் பின்லாந்துக்காரர் அவர்தான். அதே வருடக் கடைசியில்தான், நிறுத்திவைக்கப்பட்டிருந்த 1944-ம் ஆண்டுப் பரிசு அணுவைப் பிளந்த ஓட்டோ ஹானுக்கு அறிவிக்கப்பட்டது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

பரிசுக்குப் பிறகும் அவர் மாட்டை விடவில்லை. 1960-களில் புரதமே இல்லாத தீவனத்தில் யூரியாவையும் அம்மோனிய உப்புகளையும் மட்டும் தழைச்சத்தாகக் கொடுத்து மாடுகளைப் பால் கறக்கவைத்தார். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே அதைப் புரதமாக்கிக்கொள்கின்றன என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. நாம் வைக்கோலுக்கு யூரியா தெளிப்பதன் அடிப்படையும் இதுவே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, தார்ப்பாயால் 21 நாள் மூடி, பிறகு ஆறவிட்டுக் கொடுங்கள். யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பதும் கையால் தூவுவதும் மாட்டைக் கொன்றுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது வேண்டவே வேண்டாம்.

விர்டானன் 1973 நவம்பர் 11 அன்று ஹெல்சிங்கியில் காலமானார். வயது 78.

நீங்கள் முதல் மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கை நம்புங்கள். பழம் புளித்த வாசமும் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இருந்தால் நல்லது. கறுத்து வழவழப்பாகி அழுகல் வாடை அடித்தாலோ, பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ, விலையைப் பார்க்காமல் எருக்குழியில் கொட்டுங்கள். சினை மாட்டுக்கு அது கருச்சிதைவு வரை கொண்டுபோகும். முதல் நாள் மாட்டுக்கு 4 கிலோ போதும், ஒரு வாரத்தில் 15 கிலோவுக்கு ஏற்றுங்கள். கூடவே சோளத்தட்டோ வைக்கோலோ 4, 5 கிலோவும், தாது உப்புக் கலவை 50 கிராமும் கட்டாயம். சைலேஜைக் கறந்து முடித்த பிறகே கட்டுத்தரையில் போடுங்கள். முன்பே போட்டால் பாலில் அந்த வாசம் ஏறிவிடும்.