துன்பக்கேணி எழுதியவரைத் தின்ற நோய்



புதுமைப்பித்தன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவர் கதைகளை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். பால்மரத்துக்கும் லயத்துக்கும் நடுவே அதற்கு ஏது நேரம்? ஆனாலும் அவர் நமக்கு வேண்டிய மனிதர்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் விருத்தாசலம். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். சின்ன வயசிலேயே தாயை இழந்த பிள்ளை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். உத்தியோகத்துக்குப் போகாமல், பேனாவை நம்பிச் சென்னைக்கு வந்தார். மணிக்கொடியில் எழுதினார், தினமணியில் வேலை பார்த்தார். சுமார் 15 வருஷத்துக்குள் நூறு கதைக்குப் பக்கமாக எழுதிவிட்டார்.

அதில் ஒன்றுதான் 1935இல் வந்த துன்பக்கேணி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு ஏழைப் பெண்ணின் கதை. அங்கே அவள் பட்ட அவமானத்தையும், தோட்டத்தில் மண்டிக் கிடந்த நோயையும் மறைக்காமல் எழுதினார். நம் பாட்டன் பாட்டி மலாயாவுக்குக் கப்பல் ஏறிய கதையும் அதற்கு அண்ணன் தம்பிதான்.

எழுத்தில் மட்டுமல்ல, நடத்தையிலும் அவர் தொழிலாளி பக்கம். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு ஒத்துவராமல் தினமணியை விட்டு வெளியேறினார். மாதச் சம்பளம் போகுமே என்று பார்க்காமல் புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறினார்.

பிறகு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனி ஆரம்பித்தார். கைப்பணம் கரைந்ததுதான் மிச்சம். கடைசியில் பாகவதர் நடித்த ராஜமுக்தி படத்துக்கு எழுதுவதற்காகப் பூனாவுக்குப் போனார். அங்கே இருந்தபோதுதான் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. உருக்குலைந்து, மனைவி கமலா இருந்த திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். 1948இல் அங்கேயே கண்ணை மூடினார். வயது 42. பெண் குழந்தைக்கு இரண்டு வயசு. நண்பர்கள் நிதி திரட்டித்தான் அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அவரைக் காப்பாற்றி இருக்க முடியாதா? அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் 1882லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் அமெரிக்காவில் கிடைத்தது. அந்த ஊசி மருந்து நம்மவர்களுக்கு எட்டாக்கனி.

இன்றைக்கு நிலைமை வேறு. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவரவர் குடிசையிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலேயே குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. இப்போது சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும். மலேசியாவில் 1961 முதல் அரசாங்கம் தேசியத் திட்டம் வைத்து இந்த நோயோடு போராடுகிறது.

அப்படியிருந்தும் 2022இல் மட்டும் இந்த நாட்டில் 25,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. மருந்து இருக்கிறது, ஆள்தான் பரிசோதனைக்கு வருவதில்லை. புகையிலை இருமல், மழை இருமல் என்று சொல்லிக்கொண்டு நாள் கடத்துகிறோம். தெரிந்தால் வேலை போய்விடும், பொண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்று பயந்து மூடி மறைக்கிறோம். இது பரம்பரை நோயுமில்லை, செய்வினையுமில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் பல மணி நேரம் கூட இருப்பவர் அதை உள்ளே இழுக்கிறார். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கை கொடுத்தாலோ ஒட்டாது.

பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். அந்தத் தோட்டம் போலப் பல தோட்டங்கள் போய், நம் ஜனங்கள் அடுக்குமாடிக்கும் ஃபேக்டரிக்கும் வந்துவிட்டார்கள். லயத்திலும் நெருக்கம், தொழிற்கூடத்திலும் நெருக்கம். கம்பெனி வேனில் ஜன்னலை மூடிக்கொண்டு பத்துப் பேர் போகிறோம். ஒருவர் இருமலை மறைத்தால் பத்துப் பேருக்கும் ஆபத்து. அதனால்தான் வேலையிடத்திலேயே பரிசோதனை வேண்டும் என்கிறோம். ஒருவருக்கு நோய் கண்டால் வீட்டாரை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் அரசாங்க கிளினிக்குக்குப் போய் சளியும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பாருங்கள். இனிப்புநீர் உள்ளவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாத்திரையை ஆரம்பித்தால், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகும். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. பரிசோதனை வேலை நேரத்தில் நடக்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. முடிவு சம்பந்தப்பட்டவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிய வேண்டும். குணமானவருக்கு அவருடைய பழைய வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் வையுங்கள். இருமிக்கொண்டிருக்கும் தோழர் யாராவது இருந்தால் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.