மணலில் ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்? விடை தேடிய ஃபெர்டினாண்ட் போர்ஷே யார்?

ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் மீன் ஏற்ற வரும் லோடு வேன் ஈர மணலில் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? ஒரு பின் சக்கரம் வேகமாகச் சுற்றும். இன்னொன்று அசையாது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். பெட்டியில் ஐஸ் கரையும்.

இதே தலைவலி சுமார் 90 வருஷத்துக்கு முன்பு ரேஸ் காரில் வந்தது. அதற்கு வழி தேடியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே.

1875 செப்டம்பர் 3-ல், இன்றைய செக் குடியரசில் உள்ள மாஃபர்ஸ்டார்ஃபில் ஒரு தகரப் பட்டறைக்காரரின் மகனாகப் பிறந்தார். பையனுக்கு மின்சாரத்தின் மீதுதான் ஆசை. 1900 பாரிஸ் கண்காட்சியில் லோனர் நிறுவனம் வைத்த மின்சாரக் கார் அவர் வடிவமைத்தது. முன் சக்கரங்களுக்குள்ளேயே தனித்தனி மோட்டார். அதனால் டிஃபரன்ஷியலே தேவைப்படவில்லை!

வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடணும். அதற்கு வழிவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதில் ஒரு குறை: ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சுழன்றால், மற்றதற்கும் போதிய இழுவை போகாது.

பின்னர் டைம்லரில் வேலை, 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த அலுவலகம். ஆட்டோ யூனியனுக்காக அவர் உருவாக்கிய 16 சிலிண்டர் ரேஸ் காரில் 160 கி.மீ. வேகத்தில்கூட ஒரு பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. 1935-ல் இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். அப்படி வந்ததுதான், ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்; சுருக்கமாக எல்.எஸ்.டி.

அவர் வாழ்க்கையில் கறையும் உண்டு. 1937-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஹிட்லருக்காக ஃபோக்ஸ்வாகன் காரை வடிவமைத்தார். போர்க்காலத்தில் அந்த ஆலையில் கட்டாயத் தொழிலாளர்கள் வதைபட்டார்கள். இதை மறைத்து அவரை வெறும் மேதையாகச் சொல்வது சரியல்ல. போருக்குப் பின் பிரான்ஸில் சிறை. 1947-ல் வெளியே வந்தார். 1951 ஜனவரி 30-ல் இறந்தார்.

சரி, நம்ம வண்டியில் எல்.எஸ்.டி. இருக்கா? பின்சக்கர இழுவை வண்டி என்றால், சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்க. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதா டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் கிளட்ச் வகை எல்.எஸ்.டி.யாகவோ, லாக் ஆனதாகவோ இருக்கலாம்.

இதை மட்டும் நம்ப முடியாது. கிளட்ச் தேய்ந்திருந்தால் எல்.எஸ்.டி.யும் சாதா மாதிரியே சுற்றும். டார்சன் போன்ற பல்சக்கர வகையும் அப்படி ஏமாற்றலாம். மஹிந்திரா தாரில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் வகை, இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் கூடினால்தான் பிடிக்கும். கையால் சுற்றினால் தெரியாது. ஆகவே கையேட்டையும், பின் அச்சில் உள்ள தகட்டையும் பார்த்துக்கொள்ளுங்க. எல்.எஸ்.டி.க்கு என்று தனி ஆயில் சொல்லியிருந்தால் அதுவே நல்ல அடையாளம்.

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி இன்ஜினை ஓட்டிப் பார்க்கவே கூடாது. எல்.எஸ்.டி. இருந்தால் தரையில் உள்ள சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.