மருத்துவரின் எழுதுகோல்

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறிப் பொங்கோலை நோக்கிச் சென்றால், ஃபேரர் பார்க்கை அடுத்து வருவது பூன் கெங் நிலையம். நாள்தோறும் பலர் அங்கே ஏறி இறங்குகின்றனர். அந்தப் பெயருக்கு உரியவர், மருத்துவரும் எழுத்தாளருமான டாக்டர் லிம் பூன் கெங்.

அவர் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு பெரனாக்கான் குடும்பத்தில் பிறந்தார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தார். தந்தையை இழந்த பின்னும், தலைமையாசிரியர் ஹல்லெட் தந்த ஊக்கத்தால் படிப்பைத் தொடர்ந்தார். 1887இல் இராணியார் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் சீனர் அவரே. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு மருத்துவம் பயிலச் சென்றார்.

அங்கே அவர் தலைகுனிய நேர்ந்தது. விரிவுரையாளர் ஒருவர் சீன எழுத்துச் சுருள் ஒன்றைக் கொடுத்து, அதை மொழிபெயர்க்கச் சொன்னார். பூன் கெங்கால் அதைப் படிக்க முடியவில்லை. சீனாவிலிருந்து வந்த மாணவர்களும், சீனம் பேசத் தெரியாத அவரைத் தங்களுள் ஒருவராக ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் சிறந்து விளங்கியவர், தம் முன்னோரின் மொழியில் எழுத்தறியாதவராய் நின்றார். ஆனால், அவர் சோர்ந்துவிடவில்லை. சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். 1892இல் மருத்துவப் படிப்பையும் முதல் வகுப்பில் முடித்தார்.

அடுத்த ஆண்டு சிங்கப்பூர் திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1895இல் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். அக்காலத்தில் அபின் பழக்கம் பல குடும்பங்களைச் சீரழித்தது. பெண்கள் பலருக்குப் பள்ளிப் படிப்பு கிட்டவில்லை. இக்குறைகளை மருந்தால் மட்டும் போக்க இயலாது. எனவே, அவர் எழுதுகோலையும் கையில் எடுத்தார். 1897இல் வழக்கறிஞர் சொங் ஓங் சியாங்குடன் சேர்ந்து ‘ஸ்ட்ரெய்ட்ஸ் சைனீஸ் மேகசின்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். சமூகச் சீர்திருத்தம் பற்றி அதில் எழுதினார். பழைமையை விரும்பியோர் எதிர்த்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. எழுத்தோடு நின்றுவிடாமல், 1899இல் சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பள்ளி உருவாக முன்னின்று உழைத்தார்.

1921இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்று, 1937 வரை அங்கே பணியாற்றினார். நிர்வாகப் பணிகளுக்கு இடையிலும் எழுதுவதை விடவில்லை. 1927இல் ஆங்கில நாவல் ஒன்றை வெளியிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீனக் கவிஞர் ச்சூ யுவானின் ‘லி சாவ்’ என்னும் கவிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1929இல் வெளிவந்த அந்நூலுக்கு இரவீந்திரநாத் தாகூரும் முன்னுரை வழங்கினார். சீன எழுத்துச் சுருளைப் படிக்க முடியாமல் நின்ற மாணவர், கற்றறிந்தோரும் கடினமெனக் கருதும் கவிதையை உலகுக்கு எடுத்துரைத்தார்.

முதுமையிலும் சோதனை காத்திருந்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றினர். அப்போது அவருக்கு வயது 72. சீனச் சமூகம் 50 மில்லியன் வெள்ளி தரவேண்டும் என்று அவர்கள் ஆணையிட்டனர். பணம் திரட்டும் சங்கத்திற்குத் தலைமை தாங்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தினர். மறுத்தால் மக்களுக்கு ஆபத்து. ஏற்றால் பகைவருக்குத் துணைபோனார் என்ற பழி. அவர் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். போர் முடிந்ததும் பொதுவாழ்விலிருந்து விலகி அமைதியாக வாழ்ந்தார். 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று காலமானார்.

நோயைத் தீர்க்க மருத்துவமும், அறியாமையைப் போக்க எழுத்தும் அவருக்குத் துணைநின்றன. அவர் பெயரைச் சாலையும் ரயில் நிலையமும் இன்று தாங்கி நிற்கின்றன.