ஆவினம் காத்த அறிஞர் பாங்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாணிகம் செய்த வரலாற்றைப் பொன்னேரி வட்டாரத்தார் நன்கறிவர். அவர்களைப் போன்றே 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் டேனியர். அவர்தம் நாடாகிய டென்மார்க்கிற் பிறந்து, ஆவினத்தின் காசநோயை அடக்க வழிகண்ட பெர்ன்ஹார்டு பாங் என்பார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1848-இல் சோரோ என்னும் ஊரிற் பிறந்தார். மக்கள் மருத்துவமும் பின்னர்க் கால்நடை மருத்துவமும் கற்றுக் கோபன்ஹேகன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். அக்காலத்து அந்நாட்டு உழவர்க்கு வெண்ணெயே பெருஞ்செல்வம். பல வீட்டுப் பாலும் கூட்டுறவுப் பாற்பண்ணையில் ஒன்றாய்க் கலந்தது. வெண்ணெய் எடுத்த பால் மீண்டும் உழவரிடமே சென்று கன்றுகளுக்கு உணவாயிற்று. ஒரு பசுவின் மடியில் நோயிருப்பின், அதன் கிருமி ஊர்க்கன்றுகள் பலவற்றையும் பற்றியது. நோயுற்ற பசுவோ நெடுநாள் நலமுள்ளது போலவே தோன்றும். இருமலும் மெலிவும் வெளிப்படுமுன் பிறவற்றுக்கும் நோய் பரவிவிடும்.

1890-இல் செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக், டியூபர்குலின் என்பதனைக் காசநோய்க்கு மருந்தாக வெளியிட்டார். அது நோயைத் தீர்த்திலது. ஆயினும் அதனை ஊசியாற் செலுத்தின், நோயுற்ற மாட்டுக்கு உடற்சூடு ஏறும், நோயற்றதற்கு ஏறாது. மருந்தாகத் தோற்றதனையே பாங் நோய்காட்டும் ஒற்றனாகக் கொண்டார்.

1892-இல் அவர் தம் முறையைத் தொடங்கினார். சோதனையில் நோய்க்குறி காட்டியவற்றை ஒரு தொழுவிலும் ஏனையவற்றை மற்றொரு தொழுவிலும் கட்டுவித்தார். கன்றுகள் பெரும்பாலும் நோயின்றியே பிறத்தலின், நோயுற்ற பசு ஈன்றவற்றை உடனே பிரித்துக் காய்ச்சிய பாலூட்டி வளர்ப்பித்தார். மந்தை முழுவதையும் கொன்றால் உழவன் வறியனாவான். பாங் காட்டிய வழியிலோ பழைய மந்தை பயன்தந்து நிற்கவே தூய மந்தையொன்று அதன் அருகே வளர்ந்தது. பாற்பண்ணை திருப்பித் தரும் பாலைச் சூடேற்றியே தருதல் வேண்டுமென 1898-இல் அந்நாட்டிற் சட்டமும் பிறந்தது.

1901-இல் இலண்டன் பேரவையில், மாட்டுக் காசநோயால் மக்களுக்குத் தீங்கு மிகச் சிறிதே எனக் காக் உரைத்தார். அவர் பெரும்புகழுக்கு அஞ்சாது பாங் முதலியோர் மறுத்தனர். பாலின் வழியே அந்நோய் மக்களையும், சிறப்பாகக் குழந்தைகளையும் பற்றுமெனப் பின்வந்த ஆராய்ச்சி நிறுவிற்று. ஆவினத்தின் கருச்சிதைவு நோய்க்குரிய கிருமியை 1897-இற் கண்டவரும் பாங்கே. அவர் 1932-இல் மறைந்தார்.

இந்நாளில் டியூபர்குலினைத் தோலினுட் செலுத்தி, 72 மணி நேரத்தின் பின் தடிப்பை அளந்து நோயறிகின்றனர். பசுவைக் கொல்ல மனமொவ்வாதார் மிக்க நம் நாட்டுக்குப் பாங்கின் வழி பெரிதும் பொருந்துவதாம். எனினும் இரண்டு தொழுவம் எடுக்க வறியோர்க்கு இயலுமோ? ஒற்றைப் பசுவை நம்பி வாழும் அன்னோர்க்கு ஊர்ப்பொதுவில் தனித்தொழுவம் அமைத்துத் தருதல் வசதியுடையார் கடன். பாலைப் பொங்கக் காய்ச்சிப் பருகுதலோ வறியோர்க்கும் செல்வர்க்கும் ஒப்ப எளிதாகும்.